சாகட்டும் என்றொரு பொத்தான்

உங்கள் அலுவலகத்தில் ஒரு செல்போன் ஆட்டம் தயாராகும்போது ‘வாங்கு’ பொத்தானுக்காக எத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். நிறத்துக்கு ஒருவர், அளவுக்கு ஒருவர், அது மின்ன வேண்டுமா துடிக்க வேண்டுமா என்று தீர்மானிக்க இன்னொருவர். பக்கத்தில் இருக்கும் ‘வேண்டாம்’ பொத்தானை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் யார் கை சும்மா இருந்ததோ அவர் எழுதியிருப்பார் என்பார்கள். நம்பாதீர்கள். காசு வாங்கும் ஆட்டங்களில் ரொம்ப யோசித்து எழுதப்படுவது அந்த ‘வேண்டாம்’தான். அப்படி எழுதப்பட்ட ஒன்றை என் மேசையிலேயே பார்த்தவள் நான்.

ஓய்வு பெற்றவர்கள் பேனாவை எடுத்தால், எங்கள் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பொய்யை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். இன்று நீங்கள் கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டி விவாதிக்கிற தந்திரங்களில் பாதியை நாங்கள் இரண்டாயிரங்களின் நடுவிலேயே செய்து முடித்துவிட்டோம். அதுவும் பளபளப்பான கண்ணாடிக் கட்டடத்தில் அல்ல, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு தொழிற்சாலையின் மாடியில்.

வாளித் தொழிற்சாலை பெரிய முதலாளியுடையது. மாடி அவர் மகனுடையது. கீழே வேலை செய்தவர்கள் அவரைச் ‘சின்ன முதலாளி’ என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். செல்போனில் ஆடுகிற சின்னச் சின்ன ஆட்டங்கள் செய்து விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வாடகை கிடையாது, கரண்ட் பில் அப்பா தலையில். கீழே மோல்டிங் மெஷின் மூடும்போதெல்லாம் மாடியில் எங்கள் டீ டம்ளர் அதிரும்.

எனக்கு ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. திருவள்ளூரில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்திக்கொண்டிருந்தவள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கருமாதி எல்லாம் ஒரே மேசைக்கு வரும். அச்சகம் படுத்துவிட்ட சமயத்தில், ‘தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேவை’ என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு இங்கே வந்தேன். காலையில் கடம்பத்தூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி வர வேண்டும். “இவ்ளோ தூரம் போயி செல்போன்ல கோழி மேய்ச்சிட்டு வரா” என்று என் வீட்டில் கிண்டல் செய்வார்கள். அது கிண்டல் மட்டும் அல்ல, உண்மையும் அதுதான். எங்கள் முதல் ஆட்டத்தில் ஒரு கோழி வயல்வெளியிலிருந்து கூட்டுக்குத் திரும்ப வேண்டும். வழியில் நாய், கிணறு, பருந்து. விரலால் அமுக்கி அமுக்கிக் கோழியைத் தாண்ட வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆட்டத்தைச் சோதிக்க எங்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஷிப்ட் முடிந்து படியிறங்கும் கூட்டத்திடம் போனை நீட்டினால் போதும். அப்படி நீட்டியபோது கிடைத்தவள்தான் தேசம்மா. கீழே வாளிகளின் விளிம்பில் பிசிறு வெட்டும் வேலை. ஆரம்பாக்கத்தில் வீடு. புருஷன் லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஒரே மகன் வேலு, சோழவரத்தில் அவள் தங்கை வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு வந்ததும், சூளூர்பேட்டை வண்டி வருவதற்குள் மகனோடு போனில் பேசிவிடுவாள். எதிர்த்திசை வண்டிக்காக நானும் அதே நேரத்தில் நிற்பேன். சாப்பிட்டியா, சித்தி அடிச்சாளா, வாத்தியார் இன்னா சொன்னாரு என்று பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி விசாரிப்பாள். அவளுடைய ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

முதல் சோதனையிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஆட்டம் முடிந்ததும் ‘மறுபடி’, ‘வெளியேறு’ என்று இரண்டு பொத்தான் வரும். நிறையப் பேர் ‘வெளியேறு’ பக்கம் போகவே இல்லை. போனை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் பேட்டரியையே கழற்றிவிட்டார். எங்கள் புரோகிராமர் இம்தியாஸ் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். பழவேற்காட்டில் நாலு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, வாடிக்கையாளர் முகம் கோணினால் அவனுக்குத் தூக்கம் வராது. தேசம்மாவிடமே கேட்டேன்.

“இன்னாக்கா பின்னே? வந்தவங்கள ஊட்ட வுட்டு வெளிய போன்னு சொல்ற மாதிரி கீது. அத்த எவன் அமுக்குவான்?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அச்சகத்தில் வருஷக்கணக்கில் பார்த்ததுதான். கருமாதிப் பத்திரிகையைக் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு சேர்த்து வைத்தால் ஜனங்கள் அந்தக் கட்டையே தொட மாட்டார்கள். நம் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வாசல்படி தாண்டுவதில்லை. நான் ‘வெளியேறு’ என்பதை அடித்துவிட்டு ‘போயிட்டு வரேன்’ என்று எழுதினேன். ‘கோழி செத்தது’ என்று இருந்ததை ‘கோழி வயலுக்குத் திரும்பிடுச்சு’ என்று மாற்றினேன். அந்தக் காலத்துப் போன்களில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்துதான் ஆட்டத்துக்குள் வைப்போம். அந்த இரண்டு படத்தை மாற்றியதும் ஆட்டத்தின் முகமே மாறிப்போனது. ஜனங்கள் ஆடி முடித்து, சிரித்துக்கொண்டே ‘போயிட்டு வரேன்’ அமுக்கிவிட்டு, மறுநாள் சொன்னபடி வந்தார்கள். கூட்டமான ரயிலில் என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் அந்தப் பொத்தானை அமுக்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. உங்களுக்கும் ஒரு தடவையாவது கிடைக்கட்டும்.

சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். “எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?”

நானும் பெருமையாக விளக்கினேன். வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், ‘நெறஞ்சு போச்சு’ என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிடுச்சு’ என்போம். கெட்ட வார்த்தையை வாயால் சொல்லவும் மாட்டோம், கையால் தொடவும் மாட்டோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முதலாளி இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று எனக்குப் புல்லரித்தது. உங்கள் வித்தையை ஒருவர் ஆர்வமாகக் கேட்டால் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் அதில் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதையும் பாருங்கள்.

ஒரு தடவை விற்றால் ஒரு தடவைதான் காசு. செல்போன் கம்பெனிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தரகர், இதெல்லாம் ஒரு வியாபாரமா என்று சின்ன முதலாளியைக் கேட்டாராம். ஆட்டத்தைச் சும்மா கொடு, உள்ளே வந்த பிறகு வாங்கு என்பது அவர் யோசனை. கோழி கிணற்றில் விழுந்ததா? அதற்கு மறு உயிர் கொடுக்க ஒரு பொத்தான். அமுக்கினால் போனில் இருக்கும் பேலன்ஸ் குறையும். இன்று உங்களுக்கு இது பால்வாடிப் பாடம். அன்று எங்களுக்குப் புதுசு.

முதலில் கெட்டது ஆட்டம்தான், வார்த்தை அதற்குப் பிறகுதான் கெட்டது. பழைய ஆட்டத்தில் கோழி விழுந்தால் அது ஆடுகிறவர் அவசரப்பட்டதால் விழுந்ததாக இருக்கும். ‘சே, கொஞ்சம் பொறுத்து அமுக்கியிருக்கணும்’ என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஆடுவார். புது ஆட்டத்தில் கூட்டுக்கு மிக அருகில் வரும்போது தப்பிக்கவே முடியாதபடி ஒரு பருந்து வரும். கோழி மிரண்டு ஓடிப்போய்க் கிணற்றில் விழும். இம்தியாஸ் அதை வைத்துவிட்டு என்னிடம் வந்து புலம்பினான்.

“கூட்டு வாசல்லயே பருந்த உக்கார வெக்கச் சொல்றாருக்கா. அத்த யாரால தாண்ட முடியும்? என்னாலயே முடியல. பேஜாராக் கீது.”

“அப்புறம் ஏன் வெச்சே?”

“வெக்கலன்னா வேற ஆளு வெப்பான்.”

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்வீர்கள். எல்லோரும் சொல்கிறோம். ஓர் ஆட்டத்தை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழியை இங்கே எழுதிவிடுகிறேன். தோல்வி யாருடையது என்று பாருங்கள். ஆடுகிறவருடையது என்றால் அது ஆட்டம். நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்தது என்றால், அதன் மேல் எத்தனை அழகாகப் படம் வரைந்தாலும் அது வசூல்தான்.

புது ஆட்டம் என் மேசைக்கு எழுத்துப்பிழை பார்ப்பதற்காக மட்டும் வந்தது. ஆரம்பத்திலேயே ஒரு புதுத் திரை. ‘உங்கள் செல்லக் கோழிக்குப் பெயர் வையுங்கள்’ என்று கேட்டது. கீழே சின்னதாக, ‘உங்கள் குழந்தையின் பெயரையே வைக்கலாமே!’ என்று ஒரு வரி. நான் ஏதோ ஒரு பெயரை வைத்து ஆடினேன். கோழி கிணற்றில் விழுந்தது. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் வந்து, பக்கத்தில் ‘உயிர் கொடுக்கவா?’ என்ற கேள்வி. இடப்பக்கம் ‘கொடு’. வலப்பக்கம் ‘சாகட்டும்’.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன். “சார், இந்தச் ‘சாகட்டும்’னு எழுதினது யாரு?”

“நீங்கதான்கா” என்று சிரித்தார்.

“நானா?”

“அன்னிக்கி நீங்கதானே சொன்னீங்க, கெட்ட வார்த்தைமேல கை போவாதுன்னு. எங்க கை போவக் கூடாதோ அங்க போட்டிருக்கேன்.”

நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் மெதுவாகப் பேச வராது. பெத்தவங்க மனசில் கையை விட்டுக் காசு எடுக்கிறீர்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. எனக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அக்கா, ரெண்டு பொத்தான் இருக்கு. எது வேணும்னாலும் அமுக்கலாம். யார் கழுத்துல கத்தி வெச்சோம்? கீழ நைனாவோட வாளி வருசா வருசம் நஷ்டம். மாடிலயாவது டப்பு வரணும் இல்லியா? இந்த மாடி ஓடலன்னா நீங்களும் இல்ல, இம்தியாஸும் இல்ல.”

அவர் மோசமான மனிதராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மழை பெய்தால் பெண்களை ஸ்டேஷனில் விட்டுவர வண்டி அனுப்புவார். கீழே யாருக்காவது கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓடுவார். அந்தப் பொத்தானையும் அவர்தான் எழுதினார். இரண்டும் ஒரே ஆள்தான். உங்கள் முதலாளியும் அப்படித்தான் இருப்பார், அதனால்தான் உங்களுக்குக் கஷ்டம்.

ஆட்டம் வெளியே போய்ப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஒரு சாயங்காலம் பிளாட்பாரத்தில் தேசம்மா என்னிடம் வந்தாள். “அக்கா, உன் போன்லேந்து ஒரு கால் போட்டுக்கட்டா? புள்ள காத்துக்கினு இருப்பான்.” கொடுத்தேன். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். கையில் அவளுடைய போன் இருந்தது, குனிந்து எதையோ அமுக்கிக்கொண்டிருந்தாள். நானே கிட்டே போனேன்.

“பேலன்ஸ் இல்லியா?”

“போட்டன்கா. நேத்துதான் போட்டேன். எல்லாம் இவனுக்கே பூடுது.” திரையைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் வேலு என்று இருந்தது. கோழி கிணற்றுக்குள் தத்தளித்துக்கொண்டிருந்தது. “மெசேஜ் வந்துச்சு. நம்ம கம்பெனி கோழியாச்சேன்னு போட்டுக்கினேன். புள்ள பேரு வெக்கலாம்னு அதுவே கேட்டுச்சு.”

“வேணாம்னு அமுக்க வேண்டியதுதானே தேசம்மா? வெறும் படம். நாளைக்கு மறுபடியும் வரும்.”

“எங்கக்கா வேணாம்னு கீது? சாவட்டும்னு இல்ல எழுதிக்கீது.”

“அது சும்மா ஒரு வார்த்தை...”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “சும்மாவா? உன் பையன் பேரு இன்னா?”

“சரவணன்.”

“போடு. அவன் பேர போட்டு ஆடு. நீ அமுக்கு, நான் பாக்கறேன். அப்புறம் நானும் அமுக்கறேன்.”

என் போனில் சோதனைக்காக வைத்திருந்த அதே ஆட்டத்தைத் திறந்தேன். பந்தயம் போல ஆகிவிட்டது. சரவணன் என்று அடித்தேன். நாயைத் தாண்டினேன். கூட்டு வாசலில் பருந்து வந்தது, கோழி விழுந்தது. கேள்வி வந்தது. இந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக எழுதினார் என்று முழுசாகத் தெரிந்தவள் நான். கட்டைவிரலை வலப்பக்கம் கொண்டுபோனேன். என் மகன் அந்த நேரத்தில் கடம்பத்தூரில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. ரயில்வே லைனைத் தாண்டித்தான் அவன் மைதானத்துக்குப் போவான். விரல் இறங்கவில்லை.

தேசம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, ஆட்டத்தை மூடி, மகனுக்குப் போட்டாள். “டேய், அம்மா பேசறேன்டா” என்று ஆரம்பித்தாள். உன் போனிலிருந்து ஏன் கூப்பிடவில்லை என்று அவன் கேட்டிருப்பான். “டவர் இல்லடா” என்றாள்.

கோழிக்கு உயிர் கொடுத்துக் கொடுத்து, மகனோடு பேசக் காசில்லாமல், அதை மகனிடம் சொல்லவும் முடியாமல் ஒரு தாய் பொய் சொல்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில், மறுநாள் சின்ன முதலாளிக்கும் இதையே செய்து காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று ஒரு கணக்குப் போட்டேன்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை, சிந்து. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். மேசையில் எந்நேரமும் அவள் போட்டோ இருக்கும். காலையில் நான் உள்ளே போய் ஒரு வார்த்தையும் பேசாமல், சிந்து என்று பெயர் அடித்த போனை அவர் கையில் கொடுத்தேன். “ஆடுங்க சார்.” இம்தியாஸ் கதவருகே நின்றான். அவர் சிரித்துக்கொண்டே ஆடினார். கோழி விழுந்தது. ‘சிந்து, உயிர் கொடுக்கவா?’

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் விரல் வலப்பக்கம் போய், நின்று, திரும்பி வந்தது. கீழே மெஷின் மூடிய அதிர்வில் மேசை நடுங்கியது. அவர் ‘கொடு’ அமுக்கினார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மகளின் போட்டோவை ஒரு தடவை பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவர் நிமிர்ந்தபோது முகம் முழுக்க வெளிச்சம்.

“எனக்கே கை போவலக்கா! செஞ்சவன் எனக்கே போவலன்னா, வெளிய இருக்கறவனுக்கு எப்படிப் போவும்?” எழுந்து வெளியே ஓடி எல்லோரையும் கூப்பிட்டார். தரகருக்குப் போன் போட்டு, என் பெயரைச் சொல்லிச் சொல்லி இந்தச் சோதனையை விவரித்தார். மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி வந்தது. நான் சாப்பிடவில்லை. இம்தியாஸ் சாப்பிட்டான், தலை நிமிராமல் சாப்பிட்டான்.

என் பணிவாழ்க்கையில் நான் கற்ற பாடங்களில் இதைத்தான் உங்களுக்குக் கட்டாயம் சொல்ல நினைத்தேன். ஒரு பொறி எவ்வளவு வலிக்கும் என்று அதை விற்கிறவரிடம் செய்து காட்டாதீர்கள். அவருக்கு மனசு இருக்கும், அந்த மனசு நோகவும் செய்யும். ஆனால் நொந்த மறுநிமிஷம் அவர் அதைத் தரச்சான்றிதழாக எடுத்துக்கொள்வார். உங்கள் எதிர்ப்பையே அவர் விளம்பரமாக்கிவிடுவார்.

சாயங்காலம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்து ஆந்திராவுக்குத் தெலுங்கில் இதே ஆட்டம். “தெலுங்குலயும் இப்படி வாயில சொல்லக் கூடாத வார்த்தை இருக்கும் இல்லியா? விசாரிச்சுக் குடுங்கக்கா. உங்க அளவுக்கு யாருக்கும் வராது.”

“வராது சார்” என்றேன். “எனக்கும் இனிமே வராது.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “உங்க இஷ்டம்கா” என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டார். முழுச் சம்பளம் கொடுத்து, ஸ்டேஷனுக்கு வண்டியும் சொல்லிவிட்டார். நான் வெளியேறியதால் எதுவும் நிற்கவில்லை. தெலுங்கில் நல்ல வார்த்தையாகவே கண்டுபிடித்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். தமிழ் ஆட்டமோ ஏற்கெனவே எத்தனையோ போன்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அச்சகத்தில் பத்திரிகை தப்பாக வந்தால் கட்டைத் திருப்பி வாங்கி எரிக்கலாம். இதை எங்கே போய்த் திருப்பி வாங்குவது? அந்தப் போன்கள் பழுதாகிக் குப்பைக்குப் போகும்வரை அந்தப் பொத்தான் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

பிறகு நான் சென்னையில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்த்தேன். எல்லா இடத்திலும் அந்தப் பொத்தானைச் சந்தித்தேன். வார்த்தை நாகரிகமாகிவிட்டது, அவ்வளவுதான். ‘இல்லை, நான் தோற்கவே விரும்புகிறேன்’ என்பார்கள். ‘பரவாயில்லை, என் நண்பர்களைக் கைவிடுகிறேன்’ என்பார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ‘சாகட்டும்’ என்றுதான் கேட்கும். நான் எழுத மறுத்தது உண்டு, சண்டை போட்டு மாற்றியது உண்டு, பலமுறை தோற்றதும் உண்டு. ‘வேண்டாம்’ என்பது வெறும் ‘வேண்டாம்’ ஆகவே இருக்கட்டும் என்று சொல்ல ஒரு ஆள் தன் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் லட்சணம் இதுதான், தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள்.

ஒரு காரியம் மட்டும் செய்தேன். கடைசி நாளன்று ‘சாகட்டும்’ இருந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி ‘போயிட்டு வரட்டும்’ என்று எழுதி இம்தியாஸிடம் கொடுத்தேன். அதைப் படமாக்கி உள்ளே வைத்து, ‘கொடு’ அமுக்கினாலும் பேலன்ஸ் குறையாதபடி தேசம்மாவின் போனுக்கென்று ஒரே ஒரு பிரதி செய்து என் போனில் ஏற்றிக் கொடுத்தான். “பருந்தையும் கொஞ்சம் தள்ளி உக்கார வெச்சிக்கீறேன்கா” என்றான். நான் அதைக் கேட்கவே இல்லை.

அன்று பிளாட்பாரத்தில் தேசம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். நான் வேலையை விட்டதைக் கேட்டு, “ஏன்கா, பைத்தியமா உனுக்கு?” என்று திட்டினாள். புதுக் கோழி கொண்டுவந்திருக்கிறேன், காசு பிடுங்காது என்றதும் போனை நீட்டினாள். பழையதை எடுத்தால்தான் புதியதைப் போட முடியும். எடுக்கச் சொன்னதும் அவள் போன் ஆங்கிலத்தில் கேட்டது: அழிக்கவா?

“இன்னாக்கா கேக்குது?”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது வேலு. இத்தனை நாள் பேலன்ஸைக் கொட்டி அவள் காப்பாற்றி வைத்த வேலு. எனக்குக் கைவந்த வித்தைதான், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“ஊடு மாறிக்கட்டுமான்னு கேக்குது” என்றேன்.

“அப்டியா கேக்குது?”

“ஆமா.”

“நீ எழுதினா நல்லாத்தான்கா எழுதுவே” என்றாள். பிறகு அவளே அமுக்கினாள்.

புது ஆட்டம் ஏறித் திறந்தது. வந்ததும் வராததுமாக, செல்லக் கோழிக்குப் பெயர் கேட்டது. அந்தத் திரையை மாற்ற எனக்கும் தோன்றவில்லை, இம்தியாஸுக்கும் தோன்றவில்லை. தேசம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ஆங்கில எழுத்தில் ‘கோழி’ என்று இருந்தது.

“கோழிதானக்கா?” என்றாள். “போறவங்க வரவங்கல்லாம் பேரு கேப்பாங்க. அதுக்குன்னு புள்ள பேர குடுத்துடறதா?”

சூளூர்பேட்டை வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. அவள் கோழியை ஆடாமலே மூடிவிட்டு, அவசர அவசரமாக மகனுக்குப் போன் போட்டாள்.